யப்பானிய ஆண்டும் கணினித் திகதியும்

காலத்தை அளத்தல் மக்கட்கெல்லாம் பொது. ஆண்டினைச் சுட்டும் முறையோ நாட்டுக்கு நாடு வேறு. யப்பானியர் 1873 சனவரி 1 முதல் மேனாட்டு நாட்காட்டியைக் கைக்கொண்டனர். எனினும் ஆண்டினைப் பேரரசரின் சகாப்தப் பெயரால் எண்ணும் தம் பழைய வழக்கை விட்டிலர். அம்முறையிலே திகதி எழுதுமாறு கணினியை ஏவுவது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1868 முதலாக வந்த சகாப்தங்கள் மெய்ஜி, தைஷோ (1912), ஷோவா (1926), ஹெய்செய் (1989), ரெய்வா (2019) என்பன. 2020ஆம் ஆண்டு ரெய்வா 2 ஆகும். ஆகவே 2018ஐக் கழிக்க ரெய்வா ஆண்டு பெறப்படும். இக்கழித்தலே போதுமெனக் கருதும் மாணவர் இடர்ப்படுவர். என்னை? சகாப்தம் புத்தாண்டு நாளை நோக்கி நில்லாது, அரியணை மாற்றத்தையொட்டி ஆண்டினிடையேயும் மாறுவது. 1989 சனவரி 7 ஷோவா 64. மறுநாளோ ஹெய்செய் 1. ஷோவா 64 ஏழு நாளே நிலவிற்று! 2019 ஏப்ரில் 30 ஹெய்செய் 31. மே 1 ரெய்வா 1. ஆகவே ஆண்டை மட்டும் அறிதல் போதாது, முழுத்திகதியும் வேண்டும்.

இவ்விடரை நீக்குவது நிரல் நூலகம். 2014இல் வெளிவந்த ஜாவா 8இன் கால நூலகத்திலே 'ஜப்பனீஸ்டேட்' என்னும் வகுப்பு உண்டு. வழக்கமான திகதியை அதனிடம் கொடுப்பின், உரிய சகாப்தத்தையும் ஆண்டையும் அதுவே கண்டுகொள்ளும். பின்னர் எழுதும் வடிவத்தை எழுத்துக்களாற் குறித்தல் வேண்டும்: 'ஜீ' சகாப்தம், 'வை' அதன் ஆண்டு, 'எம்' மாதம், 'டி' நாள். மாற்றாத திகதியை இவ்வடிவத்தால் எழுதின், கிறித்து ஆண்டே தோன்றும். எழுதியதை மீள வாசிக்குங்கால், யப்பானிய நாட்காட்டியே கருதப்பட்டதென வடிவத்துக்கு வெளிப்படையாக உணர்த்துதல் வேண்டும். 1873க்கு முந்திய நாட்களை இவ்வகுப்பு ஏலாது; அவை மதியை ஒட்டிய பழைய நாட்காட்டிக்கு உரியவை.

நூலகமும் வருங்காலம் உணராது. ரெய்வா என்னும் பெயர் 2019 ஏப்ரில் 1இலேதான் அறிவிக்கப்பட்டது. நடைமுறைக்கு ஒரு திங்களே எஞ்சிற்று. அப்பெயரறியாப் பழைய நூலகம் மே மாதத்தையும் ஹெய்செய் 31 என்றே எழுதும். முன்னரே வழங்கிய சாரதி அனுமதிப்பத்திரங்களிலும் ஹெய்செய் 35 போன்ற, ஒருபோதும் வாராத ஆண்டுகள் அச்சாகியிருந்தன.

ஆதலின் திகதியைப் பொது நாட்காட்டியிலே சேமித்து, காட்டும்போது மாத்திரம் சகாப்தமாக மாற்றுக. நூலகத்தையும் காலந்தோறும் புதுப்பிக்க. பெயர் மாறினும் நாள் மாறாது என்பதை நிரல் எழுதப் புகும் நம் மாணவர் நெஞ்சிற் கொள்வாராக.