சாரல் காலத்தில் ஒரு டைகர் மாத்

அன்புள்ள மருமகளுக்கு,

பார்சல் வந்துவிட்டது என்று உங்க அம்மா சொன்னாள். அன்றைக்கே பிரித்துப் போட்டுவிட்டு, "ரெண்டு இறக்கையையும் இப்பவே ஒட்டிரட்டுமா மாமா?" என்று நீ கேட்டாய். இரு. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாய் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

உன் கையில் இருப்பது டி ஹாவிலண்ட் கம்பெனியின் டைகர் மாத், ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் கிட்டாக. 1931 அக்டோபர் 26 அன்று இங்கிலாந்தில் முதன்முதலாகப் பறந்த பயிற்சி விமானம். அசலுக்கு இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 8.94 மீட்டர். உன்னுடையது அதில் 72-இல் ஒரு பங்கு, அதாவது 12.4 சென்டிமீட்டர். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ஸ்கேலுக்குள் அடங்கிவிடும். 72 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள். கம்பி கட்டும்போது அதற்கு வேலை இருக்கிறது. பெட்டியின் ஓரத்தில் 'மேட் இன் இந்தியா' என்று போட்டிருக்கிறதா பார். இந்தக் கிட்டைச் செய்யும் ஏர்ஃபிக்ஸ் இங்கிலாந்துக் கம்பெனிதான்; ஆனால் 2010-களில் அவர்களுடைய கிட்டுகள் பல நம் நாட்டில்தான் வார்க்கப்பட்டன.

ஸ்பிட்ஃபயர் போர் விமானம் வாங்கித் தராமல் இதை ஏன் வாங்கினேன் என்று உனக்கு மனத்தாங்கல் இருக்கலாம். ஸ்பிட்ஃபயரை யாரும் ஒட்டிவிடலாம். டைகர் மாத்துக்கும் நமக்கும் உறவு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் இருந்த ஆரம்பப் பயிற்சிப் பள்ளிகளில் இந்திய விமானிகள் ஏறிப் பழகியது இதில்தான். 1951-இல் வி.எம். காட்கேயின் வடிவமைப்பில் எச்.டி.-2 என்ற பயிற்சி விமானம் பறந்த பிறகுதான் இதற்கு மெல்ல மெல்ல ஓய்வு கிடைத்தது. பெண்கள் யாரும் ஓட்டவில்லையா என்று அடுத்து கேட்பாய். 1936-இல், 21 வயதில், சரளா தக்ரால் புடவை கட்டிக்கொண்டே பறந்து லைசென்ஸ் வாங்கினார். அவர் ஓட்டியது ஜிப்சி மாத். அது இதற்கு அக்கா முறை.

அந்த அக்காவுக்கும் இந்தத் தங்கைக்கும் உள்ள வித்தியாசத்தை உன் கிட்டிலேயே பார்க்கலாம். மாணவர் உட்காருவது பின் இருக்கை, ஆசிரியருக்கு முன் இருக்கை. ஜிப்சி மாத்தில் முன் இருக்கையைச் சுற்றி மேல் இறக்கையைத் தாங்கும் கால்கள். தலைக்கு மேலே பெட்ரோல் டாங்க். ஆபத்து என்றால் பாராசூட்டோடு வெளியே வருவது பெரும்பாடு. அதனால் மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் தள்ளினார்கள். அதைத் தள்ளியதும் தூக்குவிசையும் முன்னால் போய்விட்டது. அதைச் சரிக்கட்ட இறக்கைகளைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டு இறக்கையும் பின்னால் சாய்ந்து தெரிவது அதனால்தான். கோணலாக இருக்கிறதே என்று நிமிர்த்தப் பார்க்காதே.

இனி, இரண்டு இறக்கை எதற்கு? தென்னை ஈர்க்கில் ஒரே நீளத்துக்கு நாலு துண்டு வெட்டு. முனைகளை நூலால் கட்டிச் சதுரமாக்கு. ஒரு மூலையில் விரலை வைத்து அமுக்கினால் அப்படியே சரிந்து படுத்துவிடும். இப்போது மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல் இழுத்துக் கட்டு. மறுபடி அமுக்கு, சரியாது. ஈர்க்கு வளையக்கூடியது, நூலோ இழுத்தால் மட்டும்தான் தாங்கும். இரண்டும் சேர்ந்ததும் ஒரு சட்டம் ஆகிவிட்டது. ரயில் பாலம் கட்டிப் பழகிய ஆக்டேவ் சனூட் என்ற இன்ஜினியர் 1896-இல் பாலத்தின் இந்தச் சட்ட முறையைத் தன் கிளைடருக்குக் கொண்டுவந்தார். ரைட் சகோதரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அந்த நாளில் இறக்கையை மெல்லிய மரத்தாலும் துணியாலும்தான் செய்ய முடிந்தது. ஒற்றை இறக்கை தன் பலத்திலேயே நிற்க வேண்டுமானால் அதைத் தடித்ததாகக் கட்ட வேண்டும், கனம் கூடிவிடும். இரண்டை மேலும் கீழுமாக வைத்து, இடையில் கால் கொடுத்து, குறுக்கே கம்பி இழுத்தால் எடையும் குறையும், வலுவும் வரும்.

மரம், துணி, கம்பி, இவ்வளவுதான் சாமான். அதனால்தான் 1910 மார்ச்சில், மதராஸில் ஓட்டல் நடத்திக்கொண்டிருந்த ஜாக்கோமோ டி ஆஞ்சலிஸால் கோச்சு வண்டி கட்டும் சிம்ப்சன் கம்பெனியைக் கொண்டு ஒரு விமானம் செய்து பல்லாவரத்தில் பறக்க முடிந்தது. வண்டி கட்டும் ஆசாரிக்குத் தெரியாத வேலை அதில் அதிகம் இல்லை. இன்ஜின் ஒன்றுதான் புதுசு.

கம்பியில் இரண்டு ஜாதி உண்டு. உடம்பின் அடிப்பக்கத்தில் தொடங்கி, வெளியே மேல் இறக்கைக்கு ஏறிப் போகிற கம்பி, பறக்கும்போது இறக்கை மேலே பிய்த்துக்கொண்டு போகாமல் பிடிக்கும். நடுவில் மேலே தொடங்கி, வெளியே கீழ் இறக்கைக்கு இறங்குகிற கம்பி, தரையில் நிற்கும்போது இறக்கை தொங்காமல் தாங்கும். சாரல் மாதங்களில் தென்காசிக் கோயில் கோபுர வாசலில் காற்று உன்னை உள்ளே விடாமல் தள்ளியிருக்கிறதே, செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து புகுந்து வருகிற காற்று, அதை எதிர்த்து ஒரு துணி இறக்கை நிற்க வேண்டும் என்றால் இந்தக் கம்பிகள் எதற்கு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அழகுக்கு இழுத்த கோடு என்று நினைத்துக் கட்டினால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று குழம்பிப்போவாய். எது எதைப் பிடிக்கிறது என்று தெரிந்தால் படமே பார்க்க வேண்டாம்.

சரி, வேலைக்கு வா. துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவை. அச்சுப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது. துண்டுகளை முறுக்கி ஒடிக்காதே. நகவெட்டியால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சக் காம்பை வாட்டர் பேப்பரால் தேய். ஹார்டுவேர் கடையில் 400, 800 என்று கேட்டால் தருவார்கள். இறக்கை மேல் வரிவரியாகத் தெரிவது மர விலாவின் மேல் துணி இழுத்துக் கட்டிய தடம். அதைத் தேய்த்து மழுக்கிவிட்டால் துணி இறக்கை தகர இறக்கை ஆகிவிடும். ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார். ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ என்னவோ, இந்தக் குட்டிக் கால்கள் நிச்சயம் பறக்கும்.

பசை விஷயத்தில் நீ இருக்கும் குற்றாலத்துக்குத் தனி விதி. ஃபெவிகால் இந்தப் பிளாஸ்டிக்கை வலுவாகப் பிடிக்காது. கிட்டுக்கென்று விற்கும் பசை இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும்; முக்கியமான மூட்டுக்கெல்லாம் அதுதான். ஃபெவிக்விக் வகைப் பசை இறுகுவது காற்றின் ஈரத்தால். உங்கள் வீட்டில் ஜூலையில் அதற்கு ஈரத்துக்கா பஞ்சம்? சட்டென்று பிடித்துக்கொள்ளும், நகர்த்த நேரம் தராது. போதாக்குறைக்கு அதன் ஆவி சுற்றுப்புறத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். விமானியின் முன்னால் இருக்கும் குட்டிக் கண்ணாடியின் பக்கத்தில் அதைக் கொண்டுபோகவே போகாதே. கண்ணாடிக்கு ஃபெவிகால் ஒரு சொட்டு வை. காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

பெயின்ட்டும் அப்படித்தான். சாரல் தூறும் நாளில் ஸ்ப்ரே டின்னைத் தொடாதே. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே சில சமயம் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும். எதுவானாலும் முதலில் சட்டத்தின் மீதித் துண்டில் அடித்துப் பார். பிரஷ்தான் உனக்கு நல்லது. ஒட்டுகிற வேலையைக் குற்றாலத்தில் வைத்துக்கொள். பெயின்ட்டை, வெயில் அடிக்கிற நாள் பார்த்து, தென்காசியில் ஆச்சி வீட்டு மச்சில் வைத்துக்கொள். ஆச்சி திட்டினால் நான் சொன்னேன் என்று சொல்.

நிறம் மஞ்சள். நம் விமானப்படைக்காகப் பழுது பார்த்து மீட்கப்பட்ட எச்.யு.-512 என்ற டைகர் மாத், 2012 விமானப்படை தினத்தில் ஹிண்டனில் பறந்தது. அது மஞ்சள்தான். மஞ்சளுக்கு அடியை மறைக்கும் சக்தி குறைவு. கீழே வெள்ளை அடித்து, அது நன்றாகக் காய்ந்தபின் மஞ்சளை மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு கொடு. ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் விலா வரியெல்லாம் அடைத்துக்கொள்ளும். இறக்கைகளைத் தனித்தனியாக இருக்கும்போதே பெயின்ட் அடித்துவிடு. சேர்த்தபின் மேல் இறக்கையின் அடிப்பக்கத்துக்குப் பிரஷ் போகாது. கால்கள் உட்காரும் குழிகளில் மட்டும் பெயின்ட் படவேண்டாம். பசைக்குப் பிளாஸ்டிக்தான் வேண்டும், பெயின்ட் அல்ல.

பிறகு கீழ் இறக்கை. அது காய்ந்ததும் உடம்பை இரண்டு தீப்பெட்டிக்கு நடுவில் அசையாமல் நிறுத்தி, நடுக் கால்களை வை. பசை இறுகுமுன் மேல் இறக்கையை ஒட்டாமல் சும்மா வைத்துப் பார்த்துக் கால்களின் சாய்வைச் சரிசெய், எடுத்துவிடு, ஓர் இரவு விடு. மறுநாள் இறக்கையை ஒட்டி, வெளிக்கால்களை ஒவ்வொன்றாக நுழை. முன்னால் இருந்து ஒரு பார்வை, மேலிருந்து ஒரு பார்வை, பின்னால் இருந்து ஒரு பார்வை. இந்த வேலை முழுவதிலும் பொறுமை தேவைப்படுகிற இடம் இது ஒன்றுதான் என்பது என் எண்ணம். மற்றதெல்லாம் கை தானாகப் பழகிக்கொள்ளும்.

இப்போது அந்த 72. தையல் நூல் 0.2 மில்லிமீட்டர் என்று வை. 72-ஆல் பெருக்கினால் 14 மில்லிமீட்டருக்கு மேல். விமானத்தில் அது கம்பி இல்லை, தாம்புக் கயிறு. அசல் கம்பி காற்றைக் கிழிக்கத் தோதாகத் தட்டையாக்கிய மெல்லிய எஃகு. உன் தலைமுடிதான் ஏறக்குறைய சரியான கனம். அதைவிட நல்லது, கிட்டின் மீதிச் சட்டத்திலிருந்தே கம்பி இழுப்பது. அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்று. சட்டத் துண்டைச் சுடருக்குச் சற்று மேலே, எரியவிடாமல், உருட்டிக்கொண்டே இரு. நடுவில் பளபளத்துத் தொய்யும். சுடரை விட்டு வெளியே எடுத்தபின் இரண்டு கையையும் விரி. வேகமாக விரித்தால் முடிபோல மெல்லிசாக வரும், மெதுவாக விரித்தால் தடிப்பாக வரும். சில நொடி அப்படியே பிடி, உறைந்துவிடும்.

டிவைடரால் இரண்டு முனைக்கும் இடைவெளி அளந்து, கம்பியை அந்த நீளத்துக்கு வெட்டி, இடுக்கியால் எடுத்து, நுனியில் ஊசிமுனை அளவு ஃபெவிகால் தொட்டு வை. கம்பிக்கு வலு தேவையில்லை, இடம் பிடித்தால் போதும் என்பதால் இங்கே ஃபெவிகால் சரிப்படும். உள்பக்கக் கம்பி முதலில், வெளிப்பக்கம் பிறகு. மாற்றிச் செய்தால் கை உள்ளே போகாது. தொய்வாகத் தெரிகிற கம்பிக்குக் கீழே அணையாத ஊதுபத்தியின் கங்கை ஒரு விரற்கடை தள்ளிக் காட்டு. சூடு பட்டதும் பிளாஸ்டிக் சுருங்கி விறைத்துக்கொள்ளும். நெருக்கிக் காட்டினால் அறுந்துவிடும்; அறுந்தால் இன்னொன்று இழுத்துக்கொள், சட்டம் நிறைய மிச்சம் இருக்கும்.

கீழ் இறக்கை காய்ந்ததும் நேர் முன்னால் இருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. இரண்டு நுனியும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா