வாழைப்பழமும் உடல் நலமும்

அறம் செய்வதற்கு உடல் ஒரு கருவி. ஆதலின் அதனைப் பேணுதல் கடமை என்பது நம் பெரியோர் கொள்கை. ஓர் உணவுப் பொருளை ஆராயும்போது மூன்று வினாக்களை எழுப்புவது முறையாகும். அது பிற உயிர்க்கு எவ்வளவு ஊறு விளைத்துக் கிடைக்கிறது? அது உடலுக்கு எவற்றைத் தருகிறது? யாருக்கு, எந்த அளவில் அது நன்மை தருகிறது? முதல் வினாவை நாம் தவறாமல் கேட்கிறோம். இரண்டாவதை ஓரளவு கேட்கிறோம். மூன்றாவதைப் பெரும்பாலும் மறந்து விடுகிறோம். எல்லார் இல்லத்திலும் எளிதில் இடம்பெறும் வாழைப்பழத்தை இம்மூன்று வினாக்களின் வழியே இங்கு ஆராய்வோம்.

வறண்ட கரையில் வாழைப்பழம்

இராமநாதபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது திருப்புல்லாணி. ஆதி ஜகந்நாதப் பெருமாள் திருக்கோயிலாலும், அங்கு வழங்கப்படும் பாயசப் பிரசாதத்தாலும் புகழ் பெற்ற ஊர் அது. அருகிலுள்ள சேதுக்கரையில் கடலாடி வருவோர் பலர். அவர்கள் ஏந்தும் அர்ச்சனைத் தட்டில் தேங்காயும் வாழைப்பழமும் தவறாமல் இருக்கும். வெறும் வயிற்றுடன் நீராடி வழிபட்டவர் முதலில் உண்பதும் பல வேளைகளில் அந்தப் பழமே.

ஆனால் அந்த வட்டாரம் வாழைக்கு உரிய நிலமன்று. பனையும், மானாவாரி நெல்லும், முண்டு மிளகாயும் விளையும் வறண்ட பூமி அது. வாழைக்கோ ஆண்டு முழுவதும் தடையின்றி நல்ல நீர் வேண்டும். கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கிறது. மழையும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தை நம்பியே உள்ளது. ஆகவே தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு, தாமிரபரணிப் பாசனப் பகுதி, காவிரிப் பாசனப் பகுதி போன்ற நீர்வளம் மிக்க இடங்களின் விளைச்சலையே இத்தகைய ஊர்கள் நாட வேண்டியுள்ளது. காயாக வெட்டப்பட்டு, தொலைவு கடந்து வந்து, பின்னரே கனியாகும் பழம் இது. இதனை எப்படிப் பழுக்க வைக்கிறார்கள் என்பதும், உப்பும் வெயிலும் மிகுந்த கரையில் இது உடலுக்கு என்ன செய்கிறது என்பதும் நாம் அறிய வேண்டியவை.

வாழையின் இயல்பு

வாழையை மரம் என்று வழங்கினாலும் அது உண்மையில் ஒரு பெரும் பூண்டு. நாம் தண்டு என்று காணும் வெளிப்பகுதி, இலைகளின் அடிமட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியமைந்ததே. உண்மைத் தண்டாகிய கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. பயிரிடும் வாழையின் பழம் மகரந்தச் சேர்க்கையின்றியே சதைப்பற்றுடன் வளர்வதால் அதில் முளைக்கும் விதை இல்லை. நடுவில் காணும் சிறு கரும்புள்ளிகள் முதிராத சூல்களின் எச்சங்கள். இனம் பெருகுவது பக்கக் கன்றுகளால். கிழங்கை அகழாமல், மண்ணுக்கு மேலே பழுக்கும் கனியை மட்டும் கொள்வதால் கிழங்கு வகைகளை விலக்கிய இல்லங்களில் வாழை சிறப்பிடம் பெற்றுள்ளது. உருளைக்கிழங்கின் இடத்தை வாழைக்காய் நிரப்புவதும் இதனாலேயே.

பழத்தில் உள்ளவை

தோல் நீக்கிய 100 கிராம் வாழைப்பழத்தில் ஏறத்தாழ 75 கிராம் நீர் உள்ளது. அதிலிருந்து சுமார் 89 கலோரி ஆற்றல் கிடைக்கிறது. மாவுப்பொருள் 23 கிராம். அதில் சர்க்கரை 12 கிராம். நார்ச்சத்து இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். பொட்டாசியம் சுமார் 358 மி.கி., மெக்னீசியம் 27 மி.கி., வைட்டமின் சி ஏறத்தாழ 9 மி.கி. உள்ளன. பி-6 வைட்டமினும் குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. சோடியம் 1 மி.கி. அளவே. இவ்வளவுகள் வகைக்கு வகை சற்று மாறும். செவ்வாழையிலும் நேந்திரனிலும் வைட்டமின் ஏ-யாக மாறக்கூடிய நிறப்பொருள் மற்றப் பல வகைகளைவிட மிகுதி.

இல்லாதவற்றையும் அறிந்து கொள்வோம். புரதம் 1 கிராம் அளவே. இரும்புச்சத்து மிகக் குறைவு. பி-12 வைட்டமின் அறவே இல்லை. புலால் விலக்கியோர் பி-12 சத்துக்குப் பால், தயிர் முதலியவற்றையும், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மாத்திரையையுமே நாட வேண்டும். பழம் உண்டதனால் எல்லாச் சத்தும் சேர்ந்துவிட்டது என எண்ணிப் பருப்பையும் கீரையையும் குறைப்பது தவறு.

உப்பும் பொட்டாசியமும்

வாழையின் தலையாய நன்மை இரத்த அழுத்தத்தைப் பற்றியது. உணவில் உப்பு மிகும்போது உடலில் நீர் தங்கி அழுத்தம் ஏறுகிறது. பொட்டாசியம், சிறுநீரகத்தின் வழியே சோடியம் வெளியேறத் துணை செய்கிறது. இரத்தக் குழாய்களின் இறுக்கத்தையும் தளர்த்துகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பும், குறைந்தது 3,510 மி.கி. பொட்டாசியமும் வயது வந்தோர்க்குத் தக்கன என உலக சுகாதார நிறுவனம் 2012-ஆம் ஆண்டு வரையறுத்தது. ஊறுகாய், அப்பளம், வற்றல் என்று உண்ணும் நம் இல்லங்களில் உப்பு இவ்வெல்லையை எளிதில் கடந்து விடுகிறது.

இங்கு ஒரு சிறு கணக்கு. நூறு கிராம் எடையுள்ள இரண்டு பழங்களில் கிடைக்கும் பொட்டாசியம் 716 மி.கி. அது நாள் தேவையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே. மற்ற நான்கு பங்கு பருப்பு, பயறு, கீரை, காய்கள், மோர் ஆகியவற்றிலிருந்து வர வேண்டும். அமெரிக்காவில் 459 பேரிடம் நடந்து 1997-இல் வெளியான ஆய்வொன்று இதனை உறுதிப்படுத்தியது. பழமும் காயும் மிகுந்த உணவு இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. அதனுடன் கொழுப்பு குறைந்த பாற்பொருள்களும் சேர்ந்த முழு உணவுமுறை மேலும் குறைத்தது. தனி ஒரு பழத்தின் வெற்றி அன்று அது.

வெயிலில் வியர்த்துக் களைத்தவர்க்கு வாழைப்பழம் ஒன்றே போதும் என்பதும் சரியன்று. வியர்வையில் மிகுதியாக வெளியேறுவன நீரும் சோடியமும். சிறிது உப்பிட்ட மோரோ, நீராகாரமோ முதலில் வேண்டும். பழம் அதனோடு சேர்ந்தால் ஆற்றலும் பொட்டாசியமும் கிடைக்கும்.

காயும் கனியும்

காயில் மிகுந்திருக்கும் மாவுச்சத்து பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாகிறது. காயிலுள்ள மாவின் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நலந்தரும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. வங்காள தேசத்தின் டாக்கா நகரில், நீடித்த வயிற்றுப்போக்கால் துன்புற்ற குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காயை அரிசிக் கஞ்சி உணவுடன் தந்து ஆராய்ந்தனர். அரிசியுணவு மட்டும் பெற்றவரைவிட அவர்கள் விரைவில் தேறினர் என 2001-இல் அறிவித்தனர். எனினும் வயிற்றுப்போக்கில் உயிர் காப்பது உப்பும் சர்க்கரையும் அளவாகக் கரைந்த நீர்க்கரைசலே; காய் அதற்குத் துணை மட்டுமே.

காயை வேகவைத்து நீரை வடித்தால் பொட்டாசியத்தின் ஒரு பகுதி அந்நீரோடு போய்விடும். நலமுடையோர் வடிக்காமல் சமைப்பது நல்லது.

ஒரு பழைய மருத்துவப் பாடம்

வாழையின் புகழே உண்மையை மறைத்த வரலாறும் உண்டு. சீலியாக் என்னும் குடல் நோயால் குழந்தைகள் மெலிந்து மடிந்த காலம் அது. நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ் 1924-இல் வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவு முறையால் அக்குழந்தைகள் தேறியதாக எழுதினார். குழந்தைகள் தேறியது உண்மையே. பழத்திலேயே நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டென உலகம் நம்பியது. பின்னர் நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் டிக்கே, கோதுமையே அந்நோயைத் தூண்டுகிறது என்று கண்டறிந்து 1950-இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார். வாழை உண்டதால் வந்த நலம் என்று கருதப்பட்டது, கோதுமையை நீக்கியதால் வந்த நலம். நோய் தீர்ந்ததென நம்பி மீண்டும் ரொட்டி உண்ட குழந்தைகள் மறுபடியும் நோயுற்றனர். உணவு ஒன்றைச் சேர்க்கும்போது எதனை விலக்கினோம் என்பதையும் எண்ண வேண்டும் என்பது இதன் பாடம். மாலையில் வறுத்த உப்புப் பண்டத்தின் இடத்தில் ஒரு பழம் வந்தால் இருவகையில் நன்மை. வயிறார உண்ட சோற்றின்மேல் அதே பழம் சேர்ந்தால் அது கூடுதல் சர்க்கரையே.

அளவு அறிய வேண்டியோர்

முதலாவது, சிறுநீரகம் குன்றியவர்கள். மிகுதியான பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் பணி. அது தளர்ந்தால் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யலாம். உயிருக்கும் ஊறு நேரலாம். இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் தரப்படும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை உயர்த்துவன. நலமுடையோர்க்கு மருந்து போன்ற பழமும் இளநீரும் இவர்களுக்கு இடராகக் கூடும். பிரசாதமாயிற்றே, பழந்தானே என்று வீட்டார் வற்புறுத்தலாகாது. மருத்துவர் வகுத்த அளவே இவர்களுக்கு அளவு.

இரண்டாவது, நீரிழிவு உடையோர். இவர்கள் பழத்தை முற்றும் துறக்க வேண்டியதில்லை. மிகக் கனிந்ததைத் தவிர்த்து, சிறிய பழம் ஒன்றை, சோற்றின் அளவைக் குறைத்துக்கொண்டு உண்ணலாம். சிறு ஏலக்கியும் பெரு நேந்திரனும் எண்ணிக்கையில் ஒன்றே, எடையில் அவ்வாறன்று. பஞ்சாமிர்தத்தில் பழத்துடன் வெல்லமும் தேனும் சேர்வதால் அதனைப் பழக்கணக்கில் சேர்த்தல் கூடாது.

மூன்றாவது, நெடுநோன்பு முடிப்போர். பல நாள் உண்ணாதிருந்த உடலில் திடீரென மிகுந்த சர்க்கரை சேர்ந்தால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம் முதலிய உப்புகள் சட்டெனக் குறைந்து தீங்கு விளையலாம். நோன்பு முடித்தவருக்கு அன்பின் மிகுதியால் பழங்களை அடுக்கி ஊட்டுதல் முறையன்று. சிறிது சிறிதாகத் தொடங்கி, நாள்தோறும் கூட்டுவதே பாதுகாப்பு. முதியோரும் நோயுற்றோரும் நோன்புக்கு முன்னரே மருத்துவரைக் கலந்து கொள்ளல் வேண்டும்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

வாழைக்காய் தானே வெளிவிடும் எத்திலீன் வாயுவே அதனைக் கனியச் செய்கிறது. முன்னோர் தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைத்தனர். இன்று தக்க அறைகளில் அளவான எத்திலீன் வாயுவைச் செலுத்திப் பழுக்க வைப்பதைச் சட்டம் ஏற்கிறது. கார்பைடு கல்லைக் கொண்டு பழுக்க வைப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் மாசு கலந்திருக்கக்கூடும். அதனைக் கையாளும் தொழிலாளியின் கண்ணுக்கும் தோலுக்கும் மூச்சுக்கும் அது கேடு. எனவே இது உண்போர் நலம் மட்டும் பற்றியதன்று. காயாகவோ அரைப்பழமாகவோ சீப்பை வாங்கி வீட்டில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டுக் கனிய வைத்தல் எளிய வழி. குளிர்ப்பெட்டியில் வைத்தால் தோல் விரைவில் கறுக்கும். தோலில் தோன்றும் சிறு கரும்புள்ளிகள் அழுகலின் குறியல்ல. நன்கு கனிந்ததன் குறி.

முடிவுரை

நலமுடையவர் நாள்தோறும் ஓரிரு பழங்களை உண்ணலாம். உப்பைக் குறைத்தாலன்றிப் பழத்தின் பொட்டாசியம் முழுப்பயன் தராது. பருப்பும் கீரையும் பாலும் பழத்தால் ஈடு செய்யப்படுவன அல்ல. சிறுநீரக நோயாளர், நீரிழிவு உடையோர், நெடுநோன்பு முடிப்போர் ஆகிய மூவகையினர்க்கும் அளவு வேறு. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் உடலின் தன்மையறிந்து அளவோடு உண்பதையே வலியுறுத்துகிறது. பிற உயிர்க்கு ஊறு குறைந்த உணவைத் தேர்ந்த நாம், நம் இல்லத்து நோயாளிக்கும் முதியோர்க்கும் அவ்வுணவால் ஊறு நேராமல் காப்பதும் அதே அறத்தின் பகுதியாகும். பழத்தை நீட்டும் கை, பெறுபவரின் உடல்நிலையையும் ஒருமுறை கேட்டறிந்து நீட்டுமாக.