பரம்பரைப் பல் குறைபாடுகள்: மருத்துவர் கேட்கும் நான்கு கேள்விகள்

பல் மருத்துவ மாணவர்கள் தேர்வுக்காகப் படிக்கும் பாடங்களுள் பலரும் தயங்கும் பகுதி ஒன்று உண்டு. பரம்பரையாக வரும் பல், ஈறு, தாடை, அண்ணக் குறைபாடுகள் பற்றிய பகுதி அது. நாவில் நிற்காத நீண்ட பெயர்களும், அவற்றின் எதிரே மரபணுக்களின் சுருக்கப் பெயர்களும் கொண்ட அட்டவணைகள் பக்கம் பக்கமாக நீளும். மனப்பாடம் செய்தவை தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். ஆகவே மாணவர்களுக்கு நாங்கள் பெயர்களுக்கு முன்பாக நான்கு கேள்விகளைக் கற்பிக்கிறோம். அந்த நான்குக்கும் விடை நோயாளியின் வீட்டில்தான் இருக்கிறது. அதனாலேயே இப்பாடத்தை இவ்விதழில் உங்களுடனும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. தாயின் வயிற்றில் கரு ஏறத்தாழ ஆறு வார வளர்ச்சியை எட்டும்போதே பற்கள் உருவாகத் தொடங்குகின்றன. பால் பற்கள் 20. நிலைப் பற்கள் 32. பல்லின் மேலுறையாகிய எனாமல், தோல், முடி, வியர்வைச் சுரப்பி ஆகியவை அனைத்தும் கருவின் ஒரே வெளிப்படலத்திலிருந்து தோன்றுபவை. எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் என்னும் பகுதியோ, எலும்பைப் போலவே கொலாஜன் என்னும் புரதத்தின் மீது கட்டப்படுவது. எனவே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் பல்லில் மட்டும் நிற்காமல் தோலிலோ எலும்பிலோ வேறு உறுப்பிலோ தென்படக்கூடும்.

மற்றொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். சொத்தைப் பல் பெரும்பாலும் பரம்பரை நோய் அன்று. ஒரே வீட்டில் பலருக்குச் சொத்தை இருந்தால், இனிப்பும் பல் துலக்கும் பழக்கமும் அவ்வீட்டில் பொதுவாக இருப்பதே பெரும்பாலும் காரணம். ‘எங்கள் குடும்பத்துப் பல்லே இப்படித்தான்’ என்று சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதற் கேள்வி: எத்தனை பற்கள், எப்போது முளைத்தன?

குழந்தைக்கு முதற் பல் ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முளைக்கும். சிலருக்கு ஒரு வயதாகும். அதில் கவலை கொள்ள வேண்டியதில்லை. ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட முளைக்கவில்லை எனில் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

பிறவியிலேயே ஓரிரு நிலைப் பற்கள் இல்லாமலிருப்பது பரவலாகக் காணப்படுவதே. அறிவுப் பல்லைத் தவிர்த்தால், கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லும், மேல்தாடையில் நடுப் பற்களை அடுத்துள்ள பற்களும் இவ்வாறு இல்லாமற்போவது மிகுதி. ஆனால் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட பற்கள் இல்லை எனில், உடலின் பிற பகுதிகளையும் ஆராய வேண்டும்.

நம் ஊர் வெயிலில் இது உயிர்காக்கும் ஆராய்ச்சி. எக்டோடெர்மல் டிஸ்ப்ளேசியா என்னும் குறைபாட்டின் பரவலான வகையில் பற்கள் மிகச் சிலவே இருக்கும். இருப்பவையும் கூம்பு வடிவில் கூராக இருக்கும். தலைமுடி அடர்த்தியின்றி மெலிந்திருக்கும். வியர்வை மிகக் குறைவாகவே சுரக்கும். வியர்க்காத உடல் வெப்பத்தை வெளியேற்ற இயலாது. சித்திரை, வைகாசி மாதங்களில் இக்குழந்தைக்குக் கிருமித் தொற்று ஏதுமின்றியே கடுங்காய்ச்சல் வரும், வலிப்பும் வரலாம். காய்ச்சலுக்கு ஒரு மருத்துவர், முடிக்கு ஒருவர், பல்லுக்கு ஒருவர் என்று தனித்தனியே காட்டும்போது இம்மூன்றும் ஒன்றே என்பது எவருக்கும் புலப்படாமற்போகலாம். அறிந்துவிட்டாலோ பாதுகாப்பு எளிது: நனைத்த உடை, நிழல், அடிக்கடி தண்ணீர், வகுப்பறையில் மின்விசிறிக்கு அருகே இடம், வெயிலில் விளையாட்டு வேண்டாம் என்று பள்ளிக்கு ஒரு கடிதம். இக்குழந்தைகளின் மூளை வளர்ச்சி பொதுவாக இயல்பானதே.

பற்கள் மிகுதியாக இருப்பதும் ஒரு குறிப்பே. பால் பற்கள் விழாமல் நிற்க, நிலைப் பற்களும் கூடுதல் பற்களும் தாடைக்குள் புதைந்திருக்கும் பிள்ளைக்குக் காறை எலும்பு வளர்ச்சியின்றி, இரு தோள்களையும் மார்புக்கு முன்னால் நெருக்கிக் கொண்டுவர முடியுமெனில், அது கிளைடோகிரேனியல் டிஸ்ப்ளேசியா என்னும் பரம்பரை நிலையாக இருக்கலாம்.

இரண்டாம் கேள்வி: எந்தெந்தப் பற்களில் குறை உள்ளது?

மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும் பற்களைக் கண்டால் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் பலரும் தண்ணீரையே காரணமாகக் கூறுவர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் அது பெரும்பாலும் சரியே. எனினும் அமெலோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்னும் பரம்பரை எனாமல் குறைபாடும் ஏறத்தாழ அதே தோற்றம் தரும். எனாமல் மெல்லியதாகவோ, சுண்ணாம்பு போல் உதிரக்கூடியதாகவோ இருக்கும். குளிர்ந்த நீர் பட்டாலே கூசும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய உங்கள் விடைகள் உதவும். ஃபுளோரைடு பாதிப்பு, பற்கள் தாடைக்குள் உருவாகும் ஆண்டுகளில் குடித்த நீரைப் பொறுத்தது. பெரும்பாலும் நிலைப் பற்களில்தான் மிகுந்து காணப்படும். பரம்பரைக் குறைபாடோ பொதுவாகப் பால் பற்கள், நிலைப் பற்கள் இரண்டையும் தாக்கும். ஃபுளோரைடு எனில் அதே கிணற்று நீரைக் குடித்த அண்டை வீட்டாருக்கும் இருக்கும். பரம்பரை எனில் அண்டை வீட்டாருக்கு இராது. பிழைப்புக்காக வேறு ஊருக்குச் சென்ற சித்தப்பாவின் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இருக்கலாம். ஒரே வீட்டில் வாழ்பவர்கள் தண்ணீரையும் இரத்த உறவையும் சேர்த்தே பகிர்கிறார்கள் என்பதால், வெளியூர் உறவினரைப் பற்றிய செய்தியே எங்களுக்கு மிகவும் பயன்படும்.

எனாமல் நன்றாயிருந்து உள்ளிருக்கும் டென்டினில் குறை இருந்தால் பற்கள் நீலச் சாம்பல் நிறத்திலோ தேன் பழுப்பு நிறத்திலோ ஒளி ஊடுருவுவது போலத் தோன்றும். விரைவில் தேய்ந்து ஈறு மட்டத்துக்கு வந்துவிடும். இது டென்டினோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா. இந்நிறம் உள்ளிருந்து வருவது. செங்கல் பொடி, கரித்தூள், உப்பு எதனால் தேய்த்தாலும் நிறம் மாறாது; எஞ்சிய பல்லும் தேயும். சரியாகப் பல் துலக்கவில்லை என்று பிள்ளையைக் கடிவதும் தகாது.

மூன்றாம் கேள்வி: குடும்பத்தில் வேறு யாருக்கு உண்டு?

மரபணு என்ற சொல்லே வழக்கத்தில் இல்லாத காலத்தில், 1875-இல் வெளிவந்த தம் நூற்பதிப்பு ஒன்றில் சார்லஸ் டார்வின், இன்று பாகிஸ்தானில் உள்ள சிந்துப் பகுதியைச் சேர்ந்த ஓர் இந்துக் குடும்பத்தைப் பற்றி எழுதினார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குப் பற்கள் மிகக் குறைவு. உடலில் முடியும் குறைவு. கோடையில் தோல் வறண்டு துன்புற்றனர். மகள்களுக்கு இக்குறை இல்லை. ஆனால் அவர்கள் பெற்ற ஆண் பிள்ளைகளுக்கு வந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு வரவில்லை. மேலே கூறிய எக்டோடெர்மல் டிஸ்ப்ளேசியாவின் வழிமுறை இதுவே. எக்ஸ் குரோமோசோமில் உள்ள அதன் மரபணு 1996-இல்தான் கண்டறியப்பட்டது. குடும்பத்தாரை முறையாகக் கேட்டறிந்ததாலேயே, நூறாண்டுகளுக்கும் மேலாக முன்னதாக, அது செல்லும் வழி தெரிந்துவிட்டது.

பரம்பரை வழிகள் முக்கியமாக மூன்று.

ஓங்கு முறை: பெற்றோரில் ஒருவருக்குக் குறைபாடு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. டென்டினோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா இவ்வகை.

ஒடுங்கு முறை: பெற்றோர் இருவருக்கும் வெளிப்படையான குறை இராது, இருவரும் மாறிய மரபணுவைச் சுமப்பர். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு. பாப்பிலான்–லெஃபெவ்ர் நோய் இவ்வகை. உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடித்து, ஈறு வீங்கி, பால் பற்கள் நான்கைந்து வயதிலேயே ஆடி விழும். சிகிச்சையின்றி விட்டால் பதின்பருவத்திலேயே நிலைப் பற்களில் பெரும்பாலானவையும் விழுந்துவிடும்.

எக்ஸ் குரோமோசோம் வழி: தாய் மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 விழுக்காடு வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் அதைச் சுமக்கவும் அதே வாய்ப்பு. சுமக்கும் தாய்க்கு ஒரு பல் இல்லாமலோ, ஒரு பல் கூம்பாகவோ இருக்கலாம். அதனால்தான் குழந்தையைக் காட்ட வந்த தாயின் வாயையும் பார்க்க வேண்டும் என்கிறோம்.

இவ்வாய்ப்பு ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனியே புதிதாகக் கணக்கிடப்படுவது. முதற் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த பிள்ளைக்கு வராது என்று கொள்ளக் கூடாது.

உறவுத் திருமணம் பற்றியும் மறைக்காமல் கூறுங்கள். தாய்மாமனும் மருமகளும் சராசரியாக மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கையும், அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கையும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒடுங்கு முறை நோய்கள் வெளிப்படும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. உங்கள் திருமணத்தைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்பதில்லை. எந்த வழிமுறையைத் தேட வேண்டும் என்பதை அறியவே கேட்கிறோம்.

பல குடும்பங்களில் இவ்விடத்தில்தான் பேச்சு நின்றுவிடுகிறது. இருபது வயதிலேயே பல் செட் வைத்துக்கொண்ட பெரியப்பாவைப் பற்றிச் சொன்னால் வீட்டுப் பெண்ணின் திருமணம் தடைப்படும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நாங்கள் அறிவோம். நீங்கள் சொல்வது உங்கள் மருத்துவக் கோப்பைத் தாண்டிச் செல்லாது. மறைத்தாலோ, அடுத்து பிறக்கும் குழந்தையும் காரணம் தெரியாத காய்ச்சலோடு அலைய நேரும்.

நான்காம் கேள்வி: உடலில் வேறு எங்கே?

டென்டின் குறையுள்ள பிள்ளைக்கு எளிதில் எலும்பு முறிவதும், கண்ணின் வெண்பகுதி நீலம் பூத்திருப்பதும் உண்டா என்று கேட்போம். இருந்தால் அது எலும்பு நொறுங்கு நோயின் பகுதியாக இருக்கலாம். எலும்பைக் காக்க மருந்து உண்டு.

தாடையில் எலும்புக் கட்டிகளும் கூடுதல் பற்களும் எக்ஸ்ரே படத்தில் தெரிந்தால், குடும்பத்தில் எவருக்கேனும் இளவயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்ததா என்று கேட்போம். கார்ட்னர் நோய்க்குறியில் பெருங்குடலில் நூற்றுக்கணக்கான சதை வளர்ச்சிகள் தோன்றும். கவனிக்காமல் விட்டால் அவை புற்றுநோயாக மாறுவது ஏறத்தாழ உறுதி. தாடையின் அடையாளங்கள் பல வேளைகளில் குடல் அறிகுறிகளுக்கு முன்பே தெரியும். இந்நோய் அரிது, ஆயினும் ஒரு பல் எக்ஸ்ரே உரிய காலத்தில் குடல் பரிசோதனைக்கு வழிகாட்டிவிடும்.

உதட்டுப் பிளவும் கிரகணமும்

உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளில் ஒன்றில் உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ காணப்படுகிறது. கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்ததே காரணம் என்று கூறித் தாயைப் பழிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் எத்தொடர்பும் இல்லை. பல மரபணுக்களும் கர்ப்பகாலச் சூழலும் சேர்ந்து பெரும்பாலான பிளவுகளை உண்டாக்குகின்றன. அவற்றில் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு சில விழுக்காடே. ஆனால் பெற்றோரில் ஒருவருக்குக் கீழுதட்டில் இரு சிறு குழிகள் இருந்தால் அது ஓங்கு முறையில் வரும் தனி வகை. அதில் வாய்ப்பு 50 விழுக்காடு வரை உயரும். உதட்டுக்கு மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்துக்கு ஒன்பது முதல் பதினெட்டு மாதத்திலும் பொதுவாக அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது.

சிகிச்சையில் எதிர்பார்க்கத்தக்கவை

மரபணுவை மாற்ற இயலாவிட்டாலும் பல்லைக் காக்க இயலும். எனாமல், டென்டின் குறையுள்ள கடைவாய்ப் பற்களுக்கு, அவை தேயும் முன்பே உலோக உறை இடுகிறோம். முன்பற்களுக்குப் பல் நிறப் பூச்சு இடுகிறோம். பற்கள் இல்லாத குழந்தைக்கு மூன்று, நான்கு வயதிலேயே சிறிய பல் செட் செய்து தர முடியும். தாடை வளர வளர அதை மாற்ற வேண்டும். இம்ப்ளான்ட் பொருத்துவது பெரும்பாலும் தாடை வளர்ச்சி முடிந்த பிறகே. பள்ளியில் சேரும் முன் பற்கள் கிடைத்த குழந்தை நன்றாக மெல்லும், தெளிவாகப் பேசும், வாயைக் கையால் மூடாமல் சிரிக்கும்.

அடுத்த வருகைக்கு முன் செய்ய வேண்டியவை

ஒரு தாளில் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர், அத்தை, மாமன், சித்தப்பா, பெரியம்மா, அவர்தம் பிள்ளைகள் என மூன்று தலைமுறையை எழுதுங்கள். பற்கள் இல்லாதவர், நிறம் மாறியவர், இளவயதில் பல் விழுந்தவர், பிளவுடன் பிறந்தவர் ஆகியோரின் பெயருக்கு நேரே குறியிடுங்கள்.

உறவுத் திருமணங்களையும், பிறந்து இறந்த குழந்தைகளையும் அதில் சேருங்கள்.

விழுந்த பால் பற்களைக் கூரை மேல் எறியாமல் ஒரு சிறு டப்பாவில் கொண்டுவாருங்கள். வேரோடு விழுந்ததா, தேய்ந்து விழுந்ததா என்பதை அவை சொல்லும்.

வாய் திறந்து சிரிக்கும் பழைய குடும்பப் படங்கள், முன்பு எடுத்த பல் எக்ஸ்ரேக்கள் இருந்தால் எடுத்துவாருங்கள்.

இரத்தத்திலோ உமிழ்நீரிலோ செய்யும் மரபணுச் சோதனை எல்லோருக்கும் தேவைப்படாது. தேவைப்படும்போது அதன் பயனையும் செலவையும் விளக்கி, உங்கள் ஒப்புதல் பெற்ற பிறகே செய்வோம். வீட்டின் மூத்தவர் ஒருவரையும் உடன் அழைத்துவாருங்கள். யாருக்கு எந்த வயதில் பல் விழுந்தது என்பது பெரும்பாலும் பாட்டிக்கே நினைவிருக்கும்.