வீட்டுத் தோட்டத்திற்கு முயல் எரு: பாதுகாப்பாக இடும் முறை

சோமனூர், கருமத்தம்பட்டி, சாமளாபுரம் வட்டாரத்தில் விசைத்தறிக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே ஐந்து செண்ட், பத்து செண்ட் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் பல. அந்த நிலத்தில் இரண்டு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு வாழை, மீதி இடத்தில் கத்தரி, மிளகாய், கீரை என்று வீட்டுக்கு வேண்டியவற்றை வைத்துக்கொள்கிறார்கள். கட்டுத்தரையில் மாடு இல்லாமல் போன வீடுகளில் எருவுக்கு வழியில்லை. ஒரு வண்டி தொழு எரு விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாவதில்லை. இத்தகைய வீடுகளில் பத்து முயல் வளர்ப்பவர்களுக்கு, கூண்டுக்கு அடியிலேயே நல்ல எரு கிடைக்கிறது. ஆனால் அதை இடும் முறை தெரிந்து இடவேண்டும்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் உறவினர் ஒருவர் தம் தோட்டத்தில் மிளகாய் நட்டபோது, "முயல் புழுக்கை சூடு இல்லாத எரு, நேராகவே போடலாம்" என்று நான் சொன்னேன். அவரும் கூண்டுக்கு அடியிலிருந்ததை அப்படியே வாரி, செடிக்கு இரண்டு கை வீதம் தூரில் குவித்தார். ஐந்தாம் நாள் இலை ஓரம் கருகியது. பத்தாம் நாள் பாதிச் செடிகள் சாய்ந்தன. அடுத்த பாத்தியிலேயே பச்சைக் கொத்தமல்லி. அந்த வீட்டுக் குழந்தைகள் அதைக் கிள்ளி, கழுவாமலே வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்தபோதுதான் நான் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று புரிந்தது. அன்று சொல்லாமல் விட்டதையே இங்கு எழுதுகிறேன்.

முயல் எருவில் என்ன இருக்கிறது?

முயல் இருவகைச் சாணம் போடும். இரவிலும் விடியற்காலையிலும் வரும் மென்மையான சாணத்தை முயலே தின்றுவிடும். இது அதற்கு இயற்கை, நோய் அன்று. நாம் காணும் உருண்டையான காய்ந்த புழுக்கை இரண்டாவது வகை. இதில் நூறு கிலோவுக்குச் சுமார் 2 கிலோ தழைச்சத்தும், 1 முதல் 1.5 கிலோ வரை மணிச்சத்தும், அரை கிலோவுக்குச் சற்று மேல் சாம்பல்சத்தும் இருக்கும். தீவனத்தையும் ஈரத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். ஒப்பிட்டுப் பார்த்தால், நூறு கிலோ தொழு எருவில் தழைச்சத்து அரை கிலோதான்.

வளர்ந்த முயல் ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 150 கிராம் வரை புழுக்கை போடும். பத்து முயலுக்கு 120 கிராம் வீதம் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 440 கிலோ. அதிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய 9 கிலோ. அதாவது 19 கிலோ யூரியாவில் உள்ள அளவு. ஆனால் வெயிலிலும் மழையிலும் திறந்து கிடந்தால் இதில் பெரும் பங்கு வீணாகும்.

சுடாத எரு சுட்டது ஏன்?

காய்ந்த புழுக்கை மெதுவாகக் கரையும். ஆகவே அளவோடு இட்டால் செடியைச் சுடாது. ஆனால் கூண்டுக்கு அடியில் புழுக்கை தனியாகக் கிடப்பதில்லை. மூத்திரமும் சேர்ந்து ஊறிக் கிடக்கிறது. மூத்திரத்திலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறுகிறது. மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். உப்பும் சேர்ந்து இளம் வேரைக் கருக்குகிறது. கோவை வட்டாரத்தில் பல நிலங்கள் சுண்ணாம்பு கலந்த காரத்தன்மை உள்ளவை. இத்தகைய மண்ணின் மேல் எருவைத் தூவி விட்டுவிட்டால் அம்மோனியா இன்னும் விரைவாகக் காற்றில் போகும். எனவே எருவை மேலாகத் தூவாமல் மண்ணில் கொத்திக் கலந்து உடனே நீர் பாய்ச்சவேண்டும்.

கூண்டுக்கு அடியில் சாய்வான தகடு ஒன்று அமைத்தால் மூத்திரம் ஒரு பக்கம் வடிந்துவிடும். புழுக்கை காய்ந்து நிற்கும். தகடு வைக்க இயலாதவர்கள் கீழே சருகு, சோளத்தட்டுத் துண்டு, தேங்காய் நார்க்கழிவு இவற்றில் ஒன்றை நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பி, வாரம் ஒருமுறை வாரி எடுக்கலாம். தறிப் பஞ்சுத் தூசும் சாயம் ஏறிய நூல் கழிவும் கையருகே கிடைக்கின்றனவே என்று இதில் சேர்க்கவேண்டாம். அவற்றில் இயந்திர எண்ணெயும் சாயமும் கலந்திருக்கும்.

கிருமியும் நாள் கணக்கும்

முயல் சாணத்தில் மாட்டுச் சாணத்தைவிடக் கெடுதல் குறைவு என்பது ஒரு பேச்சு. குறைவு என்றாலும் இல்லை என்பதாகாது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் எந்தக் கால்நடையின் சாணத்திலும் இருக்கக்கூடும். கூண்டுக்கு அடியில் சிந்திய தீவனத்துக்கு எலி வரும். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவும். ஆகவே பச்சையாக உண்ணும் காய்கறிக்கு இந்த எருவை இடும்போது கூடுதல் கவனம் தேவை.

கிருமியைக் கொல்ல இரண்டு வழிகள் உள்ளன: ஒன்று சூடு, மற்றொன்று காலம்.

சூட்டு முறையில், மட்கும் குவியலின் உட்பகுதி 55 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாத வெப்பத்தில் பதினைந்து நாள் இருக்கவேண்டும். அதற்குள் ஐந்து முறை புரட்டி, வெளிப்புறம் உட்புறமாக வரச்செய்யவேண்டும். இதற்கு மூன்றடி நீளம், அகலம், உயரத்துக்குக் குறையாத குவியல் வேண்டும். பங்கு கணக்கில் புழுக்கை ஒன்றுக்குச் சருகு ஒன்று முதல் இரண்டு வரை அடுக்கி, பிழிந்த துணியின் ஈரம் இருக்குமாறு நீர் தெளிக்கவேண்டும். கடப்பாரையை நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவித் தொட்டால், கை வைக்க முடியாத சூடு இருக்கவேண்டும்.

பத்து முயல் வைத்திருப்பவருக்கு மாதம் 36 கிலோதான் சேரும். அவ்வளவு சிறிய குவியல் சூடு ஏறாது. பலர் குவித்து வைத்ததனாலேயே மட்கிவிட்டது, கிருமி செத்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அண்டை வீட்டுச் சாணமும் சேர்த்துப் பெரிய குவியலாகப் போட இயலாதவர்கள் காலத்தைத்தான் நம்பவேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அங்கக வேளாண் விதிமுறை இதற்கு ஒரு நல்ல கணக்கைத் தருகிறது. சூடேற்றி மட்கவைக்காத சாண எருவை மண்ணில் கலந்த நாளிலிருந்து, மண்ணைத் தொடும் காய்கறியானால் 120 நாளும், மண்ணைத் தொடாததானால் 90 நாளும் கழிந்த பிறகே அறுவடை செய்யவேண்டும் என்பது அது. குவித்து வைத்திருந்த நாள்கள் இந்தக் கணக்கில் சேரா.

கொத்தமல்லி நாற்பது நாளில் அறுவடைக்கு வந்துவிடும். பிறகு 120 நாள் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். பயிர் வரிசையை மாற்றினால் பொருந்தும். எருவைச் சமைத்து உண்ணும் பயிருக்கு இடுங்கள். அந்தப் பாத்தியிலேயே பச்சையாக உண்ணும் பயிரைப் பிறகு விதையுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: ஆடி, ஆவணி மாதங்களில் சேரும் புழுக்கையைக் குழியில் போட்டு ஆவணிக் கடைசியில் மூடிவிடுங்கள். தைப் பொங்கல் வரும்போது நான்கு மாதம் ஆகி, எரு நெடி நீங்கி உதிரியாக இருக்கும். தையில் அதைக் கத்தரிப் பாத்தியில் கலந்து நடுங்கள். வைகாசி பிறக்கும்போது 120 நாள் நிறைந்துவிடும். கத்தரி ஓய்ந்ததும் அந்தப் பாத்தியில் எரு புதிதாகச் சேர்க்காமல் கொத்தமல்லி, முள்ளங்கி, கேரட், வெள்ளரி எதையும் போடலாம். குழி மூடிய தேதியையும் பாத்தியில் எரு இட்ட தேதியையும் ஓர் ஓட்டுத் துண்டில் எழுதி அங்கேயே நட்டு வையுங்கள். நினைவை நம்பினால் கணக்குத் தவறும்.

குழி அமைத்தல்

மூன்று சிறு குழிகள் போதும்: ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும், ஒன்று மூடி முதிர்ந்துகொண்டிருக்கும், ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டிருப்பீர்கள். கிணற்றுக்கும் ஆழ்குழாய்க்கும் இயன்றவரை நூறடி தள்ளி, கிணற்றைவிடத் தாழ்வான மேட்டுநீர் புகாத இடத்தில் அமைக்கவேண்டும். எருவின் தழைச்சத்து நைட்ரேட்டாகி நீரில் இறங்கினால் கைக்குழந்தைகளுக்குக் கேடு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தென்னங்கீற்று வேய்ந்து மூடுங்கள்.

தென்னை வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். எருக்குழிதான் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம். எரு எடுக்கும்போதெல்லாம் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி அழியுங்கள். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தைக் குழியில் கலந்தாலும் புழு கட்டுப்படும்.

இடும் அளவு

முதிர்ந்த எரு ஒரு சதுர மீட்டருக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை போதும். ஒரு செண்ட் என்பது 40 சதுர மீட்டர். எனவே செண்டுக்கு 20 முதல் 40 கிலோ. மிளகாய், தக்காளி, கத்தரிச் செடிக்குத் தனித்தனியாக வைப்பதானால் ஒரு கைப்பிடி, தூரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்து மண் அணைக்கவேண்டும். பப்பாளிக்கு 2 கிலோ, முருங்கைக்கு 3 கிலோ. இதில் சாம்பல்சத்து குறைவாகையால் வாழைக்கு இதை மட்டும் நம்பக்கூடாது. நல்லது என்று ஆண்டுதோறும் மிகுதியாகக் கொட்டினால் மணிச்சத்து மண்ணில் தேங்கும். மூன்றாண்டுக்கு ஒருமுறை மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கரைசலாக ஊற்ற விரும்புவோர் முதிர்ந்த எருவையே ஊறவைத்து, மண்ணில் மட்டும் ஊற்றவேண்டும். கீரையின் மேல் தெளிக்கவே கூடாது.

முயலுக்கும் காவல் வேண்டும்

முயல்களுக்குக் கழிச்சல் உண்டாக்கும் காக்சிடியோசிஸ் நோயின் முட்டைகள் புழுக்கை வழியே மண்ணில் சேர்ந்து நெடுநாள் உயிரோடு இருக்கும். இது மனிதருக்கு வராது. ஆனால் தம் முயலின் எருவிட்ட பாத்தியிலேயே கீரை அறுத்து முயலுக்குப் போட்டால், நோய் சுற்றிக்கொண்டே இருக்கும். குட்டிகள் வரிசையாகச் சாகும். வேலிமசால், முயல்மசால் போன்ற தீவனப் பயிர்களுக்குத் தொழு எருவோ உரமோ இடுங்கள். முயல் எரு வேண்டாம்.

சொறி நோய்க்கு ஐவர்மெக்டின் போட்ட முயலின் புழுக்கையை மண்புழுத் தொட்டியில் போடாதீர்கள். தனிக் குழியில் முதிரவிடுங்கள். செத்த முயலை எருக்குழியில் போடாமல், கிணற்றுக்குத் தொலைவில் ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு தூவுங்கள். படர்தாமரையும் சொறியும் முயலிலிருந்து மனிதருக்குத் தொற்றும். எரு அள்ளும்போது கையுறையோ, அதற்குப் பதில் நெகிழிப் பையோ அணியுங்கள். தூசி பறந்தால் மூக்கில் துண்டு கட்டுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடவேண்டாம். தடுப்பு ஊசி போட்டுக்கொண்ட நாளையும் நினைவில் வையுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும்.

எருவுக்காக மட்டும் முயல் வாங்கலாமா?

வேண்டாம். 2012ஆம் ஆண்டு பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு இழந்த கதையை நம் வட்டாரம் மறக்கவில்லை. "குட்டியை நாங்களே திரும்ப வாங்குகிறோம்" என்ற பேச்சை நம்பிக் கூண்டு கட்டாதீர்கள். வளர்ப்பதானால் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜயன்ட் போன்ற வளர்ப்பு இனங்களையே வளருங்கள். காட்டு முயலைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சித்திரை வெயிலை முயல் தாங்காது. வேப்பமர நிழலும் குளிர்ந்த நீரும் உள்ள இடத்திலேயே கூண்டு இருக்கட்டும்.

எங்கள் உறவினர் மறுபடியும் மிளகாய் நட்டார். இம்முறை முதிர்ந்த எரு, செடிக்கு ஒரு கைப்பிடி. கொத்தமல்லி, கத்தரி ஓய்ந்த பாத்திக்கு மாறியது. கீரையைக் கழுவித் தின்னும் பழக்கத்தைக் குழந்தைகளுக்கு அந்த வீட்டுப் பாட்டி கற்றுக்கொடுத்தார். உழவர் பெருமக்கள் நீங்களும் நாள் கணக்கை ஓட்டில் எழுதி, அளவறிந்து எருவிட்டு, வீட்டுத் தோட்டத்தில் நோயில்லாத காய்கறி பெறுவீர்களாக.