மஞ்சப்பையும் 131 தடவையும்

பிளாஸ்டிக் பை கெடுதல் என்று நம்ம பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடையும் இருக்கு. அப்புறம் ஏன் இன்னும் கடையில் கேட்டு வாங்குறோம்? வெட்கம்தான் காரணம். மஞ்சப்பை தூக்கினால் "பட்டிக்காடு" என்று சிரிப்பார்களாம். எங்க அக்கா அந்தப் பையோடு பஸ் ஏறவே மாட்டாள்.

எங்க அப்பாயிக்கு அந்த வெட்கம் கிடையாது. சுற்றுச்சூழல் என்ற வார்த்தையும் தெரியாது. "கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, மங்களமான மஞ்சள், தூக்கிப் போடக் கூடாது" என்று நாலு வருசமா வாராவாரம் அதே பையோடுதான் சந்தைக்குப் போகும். காது அறுந்தால் தைத்துக்கொள்ளும்.

தோழிகளே, இதில் ஒரு கணக்கு இருக்கு. துணிப்பை சும்மா வருவதில்லை. பருத்தி விளையத் தண்ணீரும் உரமும் வேணும், நெய்ய மின்சாரம் வேணும். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்தினால்தான் புவி வெப்பமாகும் விஷயத்தில் அது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமம். (சாக்கடை அடைப்பது, மாடு தின்பது எல்லாம் இந்தக் கணக்கில் சேராது.) வாரம் ஒரு சந்தை என்றால் இரண்டரை வருசம். அப்பாயி எப்பவோ தாண்டியாச்சு!

2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் தினம் புதுப்பை எடுத்தால் 131 எப்படி வரும்?

அக்காவிடம் இதைச் சொன்னேன். மஞ்சள்தான் பிடிக்கலையாம், பழைய பாவாடைத் துணியில் என்றால் சரியாம். அப்பாயி தைத்துக் கொடுத்தாச்சு. இதுவரை ஆறு தடவை.