எடை குறைக்கும் சத்திரசிகிச்சைக்குப் பின்னர்: வாழ்நாள் முழுவதும் தொடரும் கவனிப்பு



உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் நோபல் பார்க், டண்டினோங் பகுதிகளில் வாழும் நமது குடும்பங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. "சாப்பாட்டைக் குறைக்க ஏலாமல் வெட்டிக் குறைத்தவர்" என்று நாலு பேர் கதைப்பார்களே என்ற கூச்சம் பலருக்கு. சிலர் விடுமுறையில் இந்தியாவுக்குச் சென்று சத்திரசிகிச்சையை முடித்துக்கொண்டு வந்து, குடும்ப வைத்தியரிடம்கூடச் சொல்வதில்லை.

சத்திரசிகிச்சை ஓரிரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதன் பின்னரான கவனிப்போ வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியது. அதனை ஒளித்து வைத்துக்கொண்டு செய்ய முடியாது என்பதே இக்கட்டுரையின் முக்கிய செய்தி.

இரைப்பைக்கு என்ன நடக்கிறது?

இன்று அவுஸ்திரேலியாவில் அதிகமாகச் செய்யப்படுவது "ஸ்லீவ்" எனப்படும் சத்திரசிகிச்சை ஆகும். இதில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கு அகற்றப்பட்டு, எஞ்சிய பகுதி வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாயாக விடப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஓமோனும் இதனால் குறைகிறது. "பைபாஸ்" முறையில் இரைப்பை சிறு பையாக்கப்பட்டு, சிறுகுடலின் கீழ்ப்பகுதியுடன் இணைக்கப்படுகிறது. உணவின் அளவு குறைவதோடு, சத்துகள் உறிஞ்சப்படுவதும் குறைகிறது. 2000களில் மெல்பேர்னில் பிரபலமாக இருந்த "லாப் பாண்ட்" எனும் பட்டி முறை இப்போது அரிதாகிவிட்டது.

இச்சிகிச்சையினால் பயன் உண்டா? நிச்சயமாக உண்டு. மெல்பேர்னில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவுகள் 2008ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாகின. அண்மையில் நீரிழிவு கண்டறியப்பட்ட, உடற்பருமனுள்ள 60 பேர் இதில் பங்குபற்றினர். இரண்டு வருடங்களின் பின்னர், பட்டி பொருத்தப்பட்ட 30 பேரில் 22 பேருக்கு நீரிழிவு அடங்கியிருந்தது. வழமையான சிகிச்சை பெற்ற 30 பேரில் 4 பேருக்கே அவ்வாறு அடங்கியது. மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாகும் தென்னாசியர்களாகிய நமக்கு இது முக்கியமான செய்தி. ஆனால் "அடங்கியது" என்பது "மாறிவிட்டது" என்பதல்ல. நீரிழிவு மீண்டும் வரலாம். ஆகவே எச்பிஏ1சி குருதிப் பரிசோதனையையும் கண் பரிசோதனையையும் நிறுத்தக் கூடாது.

முதல் ஆறு வாரங்கள்

பொதுவாகப் பின்பற்றப்படும் ஒழுங்கு இது. உங்கள் சத்திரசிகிச்சைக் குழு வேறு விதமாகக் கூறினால் அதனையே பின்பற்றுங்கள்.

1. முதல் இரண்டு வாரங்கள்: நீராகாரம். தண்ணீர், பால், வடித்த சூப், புரதப் பானம்.
2. அடுத்த இரண்டு வாரங்கள்: மசித்த உணவு. நன்கு அவித்து மசித்த பருப்பு, தயிர், மசித்த மீன்.
3. அடுத்த இரண்டு வாரங்கள்: மென்மையான உணவு. அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், குழைய அவித்த மரக்கறி.

இக்காலத்தில் காய்ச்சல், கடும் வயிற்று வலி, இடது தோள் வலி, வேகமான இதயத் துடிப்பு, மூச்சுத் திணறல், கெண்டைக்காலில் வீக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திருக்காதீர்கள். 000 இலக்கத்தை அழையுங்கள் அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரைப்பையில் தைத்த இடம் கசிவதையோ, குருதி உறைந்து கட்டியாவதையோ இவை குறிக்கலாம்.

நமது சாப்பாட்டுக் கோப்பை

நமது வழக்கத்தில் சோறுதான் நடுவில். கறிகள் அதற்குத் துணை. இனி இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் மீன், முட்டை, கோழி, பருப்பு, கடலை, தயிர் போன்ற புரத உணவு, பின்னர் மரக்கறி, வயிற்றில் இடமிருந்தால் மட்டும் சிறிது சோறு. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் தேவை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராமும், சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேலும், கெட்டியாகச் சமைத்த பருப்பு அரைக் கப்பில் 8 அல்லது 9 கிராமும் உண்டு. சொதியையும் ரசத்தையும் நம்பிப் புரதக் கணக்குப் போட முடியாது. சைவ உணவு உண்பவர்கள் ஒவ்வொரு வேளையும் திட்டமிட்டே சாப்பிட வேண்டும்.

குழைந்த சோறு, பாண், பிட்டு, இடியப்பம் ஆகியவை உள்ளே திரண்டு அடைத்துக்கொள்ளக் கூடும். "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்ற பழமொழி இவர்களுக்காகவே சொல்லப்பட்டது போலிருக்கிறது. சிறு வாயாக எடுத்து, நன்கு மென்று, அரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுங்கள். சாப்பாட்டுடன் தண்ணீர் குடிக்காமல், முடித்து அரை மணித்தியாலத்தின் பின்னர் குடியுங்கள். பாயாசம், லட்டு, சீனி கூடிய தேநீர் ஆகியவை, சிறப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, படபடப்பையும் வியர்வையையும் வயிற்றோட்டத்தையும் ஏற்படுத்தலாம்.

குளிசைகளை நிறுத்தாதீர்கள்

"உடம்பு நல்லாயிருக்கு, இனி என்னத்துக்கு விற்றமின்?" என்று ஒரு வருடத்தின் பின் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. குறைபாடு மெதுவாகவே வரும். பி12 குறைந்தால் கால் விறைப்பும் ஞாபகமறதியும், இரும்புச்சத்து குறைந்தால் களைப்பும், கல்சியமும் விற்றமின் டியும் குறைந்தால் எலும்புத் தேய்வும் உண்டாகும். சைவ உணவினர் பி12 விடயத்தில் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும். இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் ஒன்றாக எடுக்காமல் இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள். இரும்புக் குளிசையைத் தேநீருடன் விழுங்காதீர்கள்.

மூன்றாம் மாதமளவில் முடி கொட்டும். பெரும்பாலும் சில மாதங்களில் மீண்டும் வளரும்.

தொடர்ந்து வாந்தி எடுத்தால்

இதனை ஒவ்வொருவரும் மனதில் பதிக்க வேண்டும். உடலில் தயமின் எனப்படும் விற்றமின் பி1 சில வாரங்களுக்குப் போதுமான அளவே சேமிப்பில் இருக்கும். வாந்தி நாட்கணக்கில் தொடர்ந்தால் அது தீர்ந்து, மூளை பாதிக்கப்படும். பார்வை இரட்டையாகத் தெரிதல், நடையில் தள்ளாட்டம், மனக் குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். உடனே தயமின் ஊசி ஏற்றாவிடில் ஞாபக சக்தி நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது நிலைமையை மோசமாக்கக் கூடும்.

வீட்டில் ஒருவருக்கும் தெரியாவிட்டால் என்ன நடக்கும்? "காஸ்ரிக்" என்று நினைத்து இஞ்சித் தேநீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அவசர சிகிச்சைப் பிரிவிலும் சத்திரசிகிச்சை பற்றி எவரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே உங்கள் துணைவருக்கோ, வளர்ந்த பிள்ளைக்கோ, யாராவது ஒருவருக்காவது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

வேறு மருந்துகள்

• நீரிழிவு மருந்துகள்: இன்சுலின், கிளிக்லசைட் ஆகியவற்றைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சீனி அபாயகரமாகக் குறையலாம். அளவைக் குடும்ப வைத்தியரே மாற்ற வேண்டும்.
• இரத்த அழுத்த மருந்து: எழும்பும்போது தலைச்சுற்று வந்தால் அழுத்தத்தைப் பரிசோதியுங்கள்.
• வலி மாத்திரை: நியூரோபன், வொல்டரன் வகைகள் புண்ணை உண்டாக்கலாம், சிறப்பாக பைபாஸின் பின். பனடோல் பாதுகாப்பானது.
• இளம் பெண்கள்: எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடும். 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பத்தைத் தவிர்ப்பது நல்லது. பைபாஸின் பின் கருத்தடைக் குளிசையை முழுமையாக நம்ப முடியாது; வேறு முறை பற்றிக் கேளுங்கள்.
• மதுபானம்: முன்னரைவிட வேகமாக இரத்தத்தில் ஏறும். ஒரு கிளாஸுடன் வாகனம் ஓட்டலாம் என்ற பழைய கணக்கு இனிச் சரிவராது.
• விரதம்: கந்தசஷ்டி போன்ற விரதங்களுக்கு முன் வைத்தியருடன் பேசுங்கள்.

மனமும் குடும்பமும்

நம்மில் பலர் இடம்பெயர்ந்து, பசி அறிந்து, வரிசையில் நின்று உணவு வாங்கியவர்கள். கோப்பையில் மிச்சம் வைப்பது நமக்குப் பாவம். விருந்தினருக்கு இன்னுமொரு கரண்டி போடுவதே நமக்கு அன்பு. சத்திரசிகிச்சை செய்தவருக்கோ அந்த ஒரு கரண்டிதான் வாந்தியாகும். எனவே கொண்டாட்டங்களில் "காணும்" என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். "ஏன் இப்படி மெலிஞ்சு போனியள், ஏதும் வருத்தமோ?" என்று சபையில் கேட்பதையும் தவிர்ப்போம்.

கவலை வந்தபோதெல்லாம் சாப்பாட்டில் ஆறுதல் தேடியவருக்கு அந்த வழி இப்போது அடைபட்டுவிடுகிறது. மனச்சோர்வு வரலாம், சிலர் மதுவை நாடலாம். இது பலவீனமல்ல, உதவி தேட வேண்டிய நிலை. முதல் ஒன்றரை, இரண்டு வருடங்களின் பின் சில கிலோ திரும்ப ஏறுவதும் வழமையே. வெட்கப்பட்டு வைத்தியரைத் தவிர்க்காதீர்கள்.

செய்ய வேண்டியவை

3, 6, 12 மாதங்களிலும், பின்னர் வருடந்தோறும் குருதிப் பரிசோதனை செய்யுங்கள். வெளிநாட்டில் சத்திரசிகிச்சை செய்திருந்தால் அறிக்கையைக் கொண்டுவந்து குடும்ப வைத்தியரிடம் கொடுங்கள். உங்கள் நிலைக்குப் பொருந்தினால் அவர் தயாரிக்கும் நாட்பட்ட நோய்ப் பராமரிப்புத் திட்டத்தின் கீழ், உணவு ஆலோசகர் போன்றோரிடம் வருடத்துக்கு 5 தடவைகள் வரை மெடிகெயார் உதவியுடன் செல்லலாம். ஆங்கிலம் கடினமான பெற்றோருக்கு 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பெறலாம்.

இக்கட்டுரை பொதுவான அறிவுக்காகவே எழுதப்பட்டது. உங்கள் மருந்துகளை நீங்களாகவே மாற்றாமல், உங்களை அறிந்த வைத்தியருடன் கலந்து பேசுங்கள். பேசும்போது சத்திரசிகிச்சை செய்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.