சண்டை மீன் தொட்டிக்குத் தண்ணீர்ப் பக்குவம்

கடையில் துள்ளிக்கொண்டிருந்த சண்டை மீன், வீட்டுக்கு வந்த பத்துப் பதினைந்து நாளில் துடுப்பை மடக்கி அடியில் படுத்துவிட்டால், நோய் என்று எண்ணி மருந்து தேடுவோர் பலர். முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியுள்ள பொங்கலூர் வட்டாரத்தில் இது இன்னும் அவசியம்.

‘பைட்டர்’ என்று கடைகளில் விற்கப்படும் இம்மீனின் பூர்வீகம் தாய்லாந்து. அங்கு நெல் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் வாழ்வது. 2019-ல் அந்நாட்டு அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. செவுளோடு, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் தனி உறுப்பும் இதன் தலையில் உண்டு. மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிச் செல்லும். ஆகவே சிறு பாட்டிலில் விட்டாலும் மூச்சு முட்டுவதில்லை. இதுவே அதற்கு வினையாகிவிட்டது. மூச்சுக்குக் காற்று கிடைத்தால் போதுமா? கழிவுக்குப் போக்கிடம் வேண்டாமா?

மீனின் கழிவும், தின்னாமல் அழுகும் தீனியும் அம்மோனியாவாக மாறுகின்றன. வயலில் இட்ட அம்மோனியம் சல்பேட்டை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களைப் போன்றவையே தொட்டியிலும் இதைச் சரிசெய்கின்றன. முதலில் நைட்ரைட், பிறகு நைட்ரேட். முதலிரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டால் கெடுதல் குறைவு. புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீனைக் காப்பது தண்ணீர் மாற்றுவது ஒன்றே.

பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு விடும் கிணற்று நீர் கடினநீர். பெரும்பாலும் காரத்தன்மையும் உள்ளது. அம்மோனியாவின் நச்சு காரத்தில் ஏறும். 25 டிகிரி சென்டிகிரேடில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் அரைப் பங்குக்குச் சற்று மேல்தான் கொடிய வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அதுவே ஐந்து பங்கைத் தாண்டிவிடும். அதே அழுக்கு, ஏறக்குறைய பத்து மடங்கு விஷம்! பாசனத்துக்காக எடுத்த நீர் ஆய்வு அறிக்கை வீட்டில் இருந்தால் பி.எச்., மின்கடத்தும் திறன் இரண்டையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

காரத்தைக் குறைக்க எலுமிச்சைச் சாறு, வினிகர் விடுவது தவறு. கடினநீரில் பி.எச். இறங்கி மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கமே மீனை வாட்டும். நாட்டு வாதுமைச் சருகு ஒன்று போடுவது பழக்கத்தில் உள்ளது. கெடுதல் இல்லை, ஆனால் நம் கடினநீரில் அதனால் பி.எச். அதிகம் இறங்காது. மாடியில் பிடித்த மழைநீரையோ, சுத்திகரித்த கேன் தண்ணீரையோ கிணற்று நீருடன் பாதிக்குப் பாதி கலப்பது நல்லது. மழைநீரில் முதல் மழையை விட்டுவிட வேண்டும்.

மீன் ஒன்றுக்கு 15 முதல் 20 லிட்டர் தொட்டியும், மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் வடிகட்டியும் இருந்தால் வாரம் ஒருமுறை கால் பங்கு நீர் மாற்றினால் போதும். வடிகட்டி இல்லாத சிறு ஜாடியானால் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதி நீர் மாற்றியாக வேண்டும். வற்றிய அளவுக்கு மேலே ஊற்றிவிட்டு மாற்றியதாக எண்ணக் கூடாது. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கி வாரந்தோறும் கூடும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசினால் குளோரினில் நுண்ணுயிர் மடியும். எடுத்த பழைய தொட்டி நீரிலேயே பிழிய வேண்டும்.

புது நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். குடிநீர்க் குழாய் நீரானால் குளோரின் போகும். கிணற்று நீரானால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி பி.எச். நிலைக்கு வரும். சூடும் ஒத்திருப்பது முக்கியம். 24 முதல் 28 டிகிரி ஏற்றது; மார்கழி விடியலில் குளிர்ந்த நீரை அப்படியே கொட்டுதல் ஆகாது.

தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே. தொட்டிக்கென்று தனி வாளி ஒன்று ஒதுக்கிவிட வேண்டும். சோப்போ சாயமோ பட்ட வாளி, எத்தனை முறை கழுவினாலும் இதற்கு உதவாது.